முகம் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை
வாசகர் கேள்வி – பதில்: முதுமையும் நினைவும்

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் தந்தைக்கு வயது 72. அண்மையில் ஓர் உறவினர் திருமணத்தில், அருகில் வந்து வணங்கிய பழைய மாணவர்கள் பலரை முகம் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் ஒருவர் பெயர்கூட அவருக்கு வாயில் வரவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும்போது இரண்டு பெயர்கள் தாமாகவே நினைவுக்கு வந்தனவாம். தமக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று அஞ்சி, வெளியே செல்வதையே குறைத்துக்கொண்டார். இது அந்நோயின் தொடக்கமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தாங்கள் எழுதியுள்ளதை மட்டும் வைத்துச் சொல்வதானால், இது முதுமையில் இயல்பாக நேரும் தடுமாற்றமாகவே தெரிகிறது. மறுநாள் பெயர் தானாக வந்தது என்றால், அது அழிந்துபோகவில்லை, வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டவில்லை என்றே பொருள்.

எந்தத் துணையும் இல்லாமல் ஒன்றைத் தேடி எடுப்பது நினைவுகூர்தல். கண்முன் இருப்பதை முன்பு அறிந்ததுதான் என்று தெரிந்துகொள்வது இனங்காணல். வயது ஏறும்போது இவ்விரண்டும் ஒரே அளவில் தளர்வதில்லை. ஷோன்ஃபீல்ட், ராபர்ட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வில், படித்த சொற்களைத் தாமாகவே நினைவுபடுத்திச் சொல்லும்படி கேட்டபோது அறுபது வயதைக் கடந்தவர்கள் சொன்னவை இளைஞர்கள் சொன்னவற்றில் ஏறக்குறையப் பாதிதான். அதே சொற்களை வேறு சொற்களோடு கலந்து காட்டி, படித்தவை எவை என்று கேட்டபோது இரு தரப்பினருக்கும் வேறுபாடே தெரியவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் இனங்காணலிலும் சிறு சரிவு உண்டு என்று காட்டின. ஆயினும் நினைவுகூர்தலே கூடுதலாகத் தளர்கிறது என்ற முடிவு மாறவில்லை.

பெயர் மட்டும் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? ஒருவரைத் தச்சர் என்று அறிந்தால் பட்டறை, உளி, மரத்தூள் என்று பலவும் அந்த நினைவைப் பிடித்துக்கொள்கின்றன. அவர் பெயருக்கோ அத்தகைய துணை எதுவும் இல்லை. 1987இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே சொல்லை ஒரு முகத்துக்குத் தொழிலாகச் சொன்னபோது நினைவில் நின்றது. குடும்பப் பெயராகச் சொன்னபோது எளிதில் மறந்துபோயிற்று. அதாவது, பெயர் மறப்பது இளைஞர்களுக்கும் உள்ள சிக்கல்தான். முதுமை அதைக் கூட்டுகிறது.

தங்கள் தந்தையாருக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாஹ்ரிக் 1975இல் 392 பேரிடம் நடத்திய ஆய்வில், பள்ளியை விட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆனவர்களும் உடன் படித்தவர்களின் படங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சரியாக அடையாளம் கண்டனர். ஆனால், பிற்பாடு கல்லூரிப் பேராசிரியர்களைச் சோதித்தபோது, எட்டு ஆண்டுகளுக்குள்ளேயே முன்னாள் மாணவர்களின் முகங்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் மறந்துபோயிருந்தன. அந்தக் கணக்கில் பார்த்தால் தந்தையாரின் நினைவு பாராட்டத்தக்கது.

குறை நம் பழக்கத்திலும் இருக்கிறது. திருமண வீடுகளில் முதியவர் முன் போய் நின்று, “என்னைத் தெரிகிறதா? யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று பலர் சூழத் தேர்வு வைப்பது, முதுமையில் எந்தத் திறன் மிகவும் தளர்ந்திருக்கிறதோ அதையே சோதிப்பதாகும். பதற்றம் கூடினால் வர இருந்த பெயரும் வராது. “ஐயா, நான் 1988இல் பத்தாம் வகுப்பு, தபால்காரர் வீட்டுப் பையன்” என்று சொல்லிக்கொண்டே வணங்கினால், மீதியை அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 69. கடைத்தெருவில் முன்பின் அறியாதவர்களிடம்கூட, “உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே” என்கிறார். சர்க்கரை நோயை ஒரே மாதத்தில் போக்கும் பொடி என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி பொய் என்று பல முறை சொல்லியும், ஒரு வாரம் கழித்து அதையே உண்மை என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்கிறார். பிடிவாதமா, மறதியா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிடிவாதம் அன்று. இனங்காணலுக்குள்ளும் இரு பகுதிகள் உண்டு. அறிந்ததாகத் தோன்றும் பரிச்சய உணர்வு ஒன்று. எங்கே, எப்போது, யார் மூலம் அறிந்தோம் என்னும் சூழல் நினைவு மற்றொன்று. முதுமையில் முன்னது பெரிதும் நிலைத்திருக்க, பின்னது தளர்கிறது. முகங்களையும் பெயர்களையும் தனித்தனியே ஓரளவு நன்றாக நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள், எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்னும் இணைப்பில் இடறுவதை உளவியலாளர் நாவே-பெஞ்சமினும் அவருடைய குழுவினரும் காட்டியுள்ளனர். புதிய முகம் பழகியதாகத் தோன்றும்போது, ‘இவரை எங்கே பார்த்தோம்’ என்று சரிபார்க்கும் வழி அடைபட்டிருப்பதால், அந்தத் தோற்றமே உண்மையாகிவிடுகிறது.

பொடி விவகாரமும் இதேதான். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு கூற்று பொய் என்று முதியவர்களிடம் எத்தனைக்கெத்தனை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதோ, மூன்று நாள் கழித்து அத்தனைக்கத்தனை அதை உண்மை என்று அவர்கள் தவறாக நினைவுகொண்டனர். கூற்று பழகிப்போகிறது, பொய் என்ற குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பொடியின் பெயரையே இனி எடுக்காதீர்கள். “மருத்துவர் எழுதிய மாத்திரையை இரு வேளையும் தவறாமல் சாப்பிட வேண்டும்” என்று உண்மையை மட்டும் சொல்லுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களுக்கும் இந்தப் பரிச்சய உணர்வே வாய்ப்பாகிறது என்பதால், ‘ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது’ என்று எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவைப்பது நல்லது.

கேள்வி: வல்லாரை மாத்திரையும் சுடோகுவும் மறதியைத் தடுக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வல்லாரைத் துவையல் சுவையானது, மறதியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுடோகு போட்டால் சுடோகுவில் தேர்ச்சி வரும். அதைவிட நடைப்பயிற்சிக்குச் சான்று கூடுதல்: 2011இல் 120 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முறையாக நடந்தவர்களுக்கு, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. காது மந்தமாக இருந்தால் கருவி பொருத்திக்கொள்ளுங்கள். சரியாகக் கேட்காத பெயர் நினைவில் பதிவதில்லை.

கேள்வி: எந்த நிலையில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்?
– வாசகி, வேலூர்

பதில்: இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆகவே பெரும்பாலோருக்கு அது இல்லை. ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணிக்கையும் அன்று. அடையாளக் குறிப்பு கொடுத்தும் நினைவு திரும்பாதது, நேற்றைய நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று மறுப்பது, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மீண்டும் கேட்பது, வாழ்ந்த தெருவிலேயே வழி தவறுவது, பல்லாண்டு செய்த சமையலில் வரிசை குழம்புவது ஆகியவை தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பார்க்க வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். வீட்டாரை அடையாளம் தெரியவில்லை என்றால் கண்புரையும் ஒரு காரணமா என்று பார்க்க வேண்டும்.

நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென ஆளும் இடமும் தெரியாமல் குழம்பினால், அதை முதுமை என்று விட்டுவிடக் கூடாது. நோய்த்தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, பக்கவாதம் போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; எந்தத் தேதியில் எதை மறந்தார் என்ற குறிப்பையும் எழுதிக் கொடுங்கள்.