பத்துத் தந்தி, எட்டு விரல்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் சாப்மன் ஸ்டிக் என்ற மேல்நாட்டு வாத்தியத்தைப் பற்றி ஒரு படமும் நான்கு வரியும் போட்டிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களுக்கே இந்தப் பக்கம் போதவில்லை. மிருதங்கத் தோல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

படத்தில் இருப்பது கிட்டாரா, வெறும் பலகையா? குடமும் இல்லை, துளையும் இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது? (வாசகர், கரூர்)

மின்சார வாத்தியம் ஐயா, குடம் தேவையில்லை. கிட்டாரின் கழுத்தை மட்டும் விட்டுவைத்து, அதை அகலப்படுத்தி, பத்துத் தந்திகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, கீழ்ப்பகுதியில் பிக்கப் இருக்கிறது. பின்னால் உள்ள கொக்கியை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, வாரைத் தோளில் போட்டுக்கொண்டால் வாத்தியம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இரண்டு கைகளுக்கும் அதைத் தாங்கும் வேலை இல்லை.

மீட்டுவதும் இல்லை. தந்தியை மெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, ஃபிரெட்) பின்னால் விரல் நுனியால் தட்டி அழுத்தினால் சுரம் பிறக்கும். விரலை எடுத்தால் அடங்கும். தொடாத தந்திகள் தாமாக முனகாமல் இருக்கத் தலைப்பக்கம் ஓர் அடக்கி வைத்திருக்கிறார்கள். தந்திகள் பலகையை ஒட்டியே ஓடுவதால் லேசாகத் தொட்டாலே பேசும்.

செய்தவர் எம்மெட் சாப்மன், லாஸ் ஏஞ்சலிஸில் ஜாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1969 ஆகஸ்டில் கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து, வலது கையை எதிர்ப்புறத்திலிருந்து கழுத்தின் மேல் கொண்டுவந்தார். இரண்டு கை விரல்களும் மெட்டுகளுக்கு இணையாக, ஒரே மாதிரி படிந்தன. மீட்டுவதற்கென்றே இருந்த கை அன்று முதல் சுரம் பிடிக்கும் கையாயிற்று. அந்த முறைக்குப் பொருந்தும் வாத்தியத்தை அவரே செய்து, 1974இல் விற்கத் தொடங்கினார். 2021இல் காலமானார்.

நான் மிகவும் ரசிப்பது தந்தி கட்டிய விதத்தை. ஐந்து தந்தி மெலடிக்கு, ஐந்து அடித்தளமான பேஸுக்கு. தடித்த தந்திகள் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கின்றன. நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கிச் சுருதி ஏறிக்கொண்டே போகும். மெலடிப் பக்கத்தில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச-ம இடைவெளி, கிட்டார்க்காரர்களுக்குப் பழகியது. பேஸ் பக்கத்தில் ச-ப இடைவெளி. இதனால் இடது கை ஒரு தந்தியில் சட்ஜமத்தைப் பிடித்தால், அடுத்த தந்தியில் அதே மெட்டில் பஞ்சமம் காத்திருக்கும். அதற்கடுத்த தந்தியில் இரண்டு மெட்டு தள்ளினால் மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம், ஒரே மெட்டு தள்ளினால் சாதாரண காந்தாரம். பியானோவில் கையை அகல விரித்தாலும் பலருக்கு எட்டாத கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இங்கே மூன்று விரலில் அடங்கிவிடுகிறது. இப்படி ஒரு சுருதி அமைப்பை யோசித்தவரை எழுந்து நின்று கும்பிடலாம்.

எட்டி வான் ஹேலன் செய்ததும் இதுதானே? இதில் புதுமை என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

ராக் கிட்டார்க்காரர் எட்டியின் வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1978இல். ஸ்டிக் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்பு, 1950களிலேயே, ஜிம்மி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கர் கிட்டாரை இரண்டு கையாலும் தட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார். யார் முதலில் என்ற வழக்கில் நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. வான் ஹேலனிடம் தட்டுவது ஓர் அலங்காரம். இரண்டு கையும் சேர்ந்து ஒரே மெலடியை வேகமாக வாசிக்கும். சாப்மனிடம் அதுவே முழு வாசிப்பு. ஒரு கை ஒன்று சொல்ல, மறு கை வேறொன்று சொல்லும்.

எங்கள் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார், இரண்டு பாடகர்கள். கல்யாண வீடுகளில் இப்போது கொடுக்கும் தொகைக்கு இத்தனை பேரை அழைத்துப் போக முடியவில்லை. இந்த ஸ்டிக்கை ஒருவர் கற்றுக்கொண்டால் கீபோர்டையும் பேஸையும் நிறுத்திவிடலாமா? (குழு நடத்துநர், மதுரை)

கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அது தவறான கணக்கு. நானும் பேஸ் கிட்டார் பிடித்துச் சோறு தின்றவன், என் கட்சிக்காகத்தான் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் கீபோர்டு. சினிமாப் பாட்டின் இடையிசையில் வயலின் கூட்டம் வரும், புல்லாங்குழல் வரும், நாகஸ்வரம் வரும். அத்தனைக்கும் உங்கள் கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானில் பதில் வைத்திருக்கிறார். ஸ்டிக்குக்கு ஒரே குரல். பளிச்சென்று தொடங்கி மெல்லத் தேயும் தந்திக் குரல். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நீண்டு நின்று தாங்கும் ஒலி அதில் இயல்பாக வராது.

அடுத்து பேஸ். தந்தியைச் சுண்டும்போது எழும் அந்தக் கனத்த குத்து டிரம்ஸின் கீழ் அடியோடு சேர்ந்தால்தான் பந்தலில் கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் கால் ஆடும். தட்டிப் பிறக்கும் பேஸ் தெளிவாக இருக்கும், துள்ளலாக இருக்கும். ஆனால் அந்தக் குத்து சற்றுக் குறையும். மேலும் ஒரே மனிதர் இரவு முழுவதும் இரண்டு பேர் வேலையைச் செய்தால், நள்ளிரவுக்கு மேல் வரும் குத்துப்பாட்டில் இரண்டில் ஒரு கை கூலி வேலை பார்க்கத் தொடங்கிவிடும்.

இந்த வாத்தியத்தை உலகறியச் செய்த சிறு குழுக்களைப் பாருங்கள். 1981இல் கிங் கிரிம்சன் என்ற ராக் குழு நான்கு பேராக மீண்டும் கூடியபோது ராபர்ட் ஃபிரிப்பும் அட்ரியன் பெலூவும் கிட்டார், பில் புரூஃபர்டு டிரம்ஸ், டோனி லெவின் ஸ்டிக்கும் பேஸும். ஏற்கெனவே இரண்டு கிட்டார் இருக்கும் இடத்தில் கார்டு நிரப்ப இன்னொருவர் எதற்கு? லெவின் நிரப்பவில்லை. இரண்டு கிட்டார்களும் வெவ்வேறு கணக்கில் சுற்றிவரும்போது, அவர் அடியில் மூன்றாவது சுற்று ஒன்றை ஓடவிட்டார். தேவைப்படாத இடத்தில் ஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண பேஸை எடுத்தார். பிற்பாடு அவர் நடத்தும் ஸ்டிக் மென் குழுவில் மூன்றே பேர். லெவின் ஸ்டிக், மார்க்கஸ் ராய்ட்டர் இதே போலத் தட்டி வாசிக்கும் 'டச்' (touch) கிட்டார், பாட் மாஸ்டெலோட்டோ டிரம்ஸ். ஆளைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், மூவரில் இருவர் கையில் தட்டும் வாத்தியத்தைக் கொடுத்திருப்பார்களா? மூன்று பேரை வைத்து ஆறு பேரின் இழைகளைப் பின்ன வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுந்த ஆசை அல்ல.

ஸ்டிக் உண்மையிலேயே ஆளைக் குறைக்கும் இடமும் உண்டு. ஒரு பாடகி, ஒரு ஸ்டிக். அல்லது சாக்ஸபோன், ஸ்டிக், டிரம்ஸ். சின்ன அறை, குறைந்த சத்தம், காது கொடுத்துக் கேட்கும் நாற்பது ஐம்பது பேர். அங்கே பேஸும் கார்டும் ஒரே மூளையிலிருந்து வருவதால், பாடகி ஒரு வரியை இழுத்தால் அடித்தளமும் கூடவே இழுபடும். யாரும் யாருக்கும் கண் காட்ட வேண்டியதில்லை. அங்கும் தேர்ந்தவர்கள் பாதி நேரம் ஒரு கையைச் சும்மா வைத்திருப்பார்கள். பத்துத் தந்தி இருக்கிறதே என்று பத்தையும் பேசவிடுபவரோடு பாடுவது பெரிய அவஸ்தை.

உங்கள் கல்யாணக் கச்சேரிக்கு என் யோசனை: தொகையைக் கூட்டிக் கேளுங்கள்.

வீணை மாணவி நான். ஸ்டிக்கில் கமகம் வருமா? (வாசகி, திருநெல்வேலி)

ஜாரு நன்றாக வரும். அழுத்திய விரலை எடுக்காமல் மெட்டு மெட்டாக நகர்த்தினால் போதும். பிரச்சினை இழுப்பில்தான். வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று நான்கு சுரம் ஏறிவிடுகிறீர்கள். ஸ்டிக்கில் தந்திகள் நெருக்கமாக இருக்கின்றன. அவ்வளவு தூரம் இழுத்தால் பக்கத்துத் தந்தி வழிமறிக்கும். கமகம் மிகுந்த தோடி ராகத்துக்கு இது ஏற்ற இடமல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவரே இரண்டு வேலை பார்ப்பதைக் கண்டு நாம் அவ்வளவு வாய்பிளக்க வேண்டியதில்லை. உங்கள் வீணையின் ஓரத்தில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றனவே, அவற்றைச் சுண்டுவிரல் எத்தனை காலமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது!

ஒலி அமைப்பு வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வாத்தியம் மேடைக்கு வந்தால் எப்படி இணைப்பது? (வாசகர், சென்னை)

நல்ல கேள்வி, மற்றவர்கள் கேட்காமல் விட்டது. அதன் வெளியீடு ஸ்டீரியோ. பேஸ் தந்திகள் ஒரு பக்கம், மெலடித் தந்திகள் மறுபக்கம். இரண்டையும் மிக்ஸரில் தனித்தனிச் சேனலுக்குக் கொண்டு போங்கள். பேஸ் பக்கத்தை பேஸ் கிட்டாரைப் போலவே நடத்துங்கள். எக்கோ, ரிவெர்ப் எல்லாம் மெலடிப் பக்கத்துக்கு மட்டும். இரண்டையும் ஒரே சேனலில் ஊற்றினால் அடிச்சத்தம் கார்டை விழுங்கிவிடும். தட்டு விழும் பலம் விரலுக்கு விரல் மாறும் என்பதால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் உதவும், அளவோடு.

ஏ.ஆர்.ரஹ்மான் மேஜை மேல் வைத்து இரண்டு கையாலும் வாசிப்பது இதுதானே? (வாசகர், யாழ்ப்பாணம்)

இல்லை. அது ஹார்ப்பெஜி. அமெரிக்காவின் பால்டிமோரில் டிம் மீக்ஸ் என்பவர் 2007இல் உருவாக்கியது. ஸ்டீவி வொண்டரும் வாசிக்கிறார். தட்டும் முறை ஒன்றுதான், ஆனால் படுக்கையாகக் கிடக்கும். தந்திக்குத் தந்தி ஒரு முழுச் சுரம், மெட்டுக்கு மெட்டு அரைச் சுரம் என்று ஒரே சீராக ஓடும். பியானோக்காரர்களுக்கு உடனே கை படியும். கிட்டார்க்காரர்களுக்கு ஸ்டிக்.

சினிமாவில் வந்திருக்கிறதா? (வாசகி, புதுச்சேரி)

வந்து, வெட்டுப்பட்டது. 1984இல் வெளியான 'டியூன்' படத்தில் வேற்றுலக வாத்தியம் ஒன்று தேவைப்பட்டது; ஸ்டிக்கைத்தான் அலங்கரித்து நடிகர் பாட்ரிக் ஸ்டூவர்ட் கையில் கொடுத்தார்கள். பின்னணியில் ஒலித்தது சாப்மனின் சொந்த இசை. திரையரங்குக்கு வந்த படத்தில் அந்தக் காட்சி இல்லை.

மகனுக்குப் பதினான்கு வயது, கிட்டார் வாசிக்கிறான். ஸ்டிக் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? (வாசகர், சேலம்)

புதியது சில ஆயிரம் டாலர். மேலே இறக்குமதி வரி. இப்போது வேண்டாம். அவனிடம் இருப்பது எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் அதிலேயே பார்த்துவிடலாம். பழுது பார்ப்பவரிடம் சொல்லித் தந்திகளின் உயரத்தைக் குறையுங்கள். தலைமுடி கட்டும் துணிச்சுற்றிய ரப்பர் ஒன்றை முதல் மெட்டுக்கு அருகே கழுத்தைச் சுற்றிப் போட்டால் திறந்த தந்திகள் வாயை மூடிக்கொள்ளும். மடியில் நிமிர்த்தி வைத்து, இடது கையால் கீழ்த் தந்திகளில் ச-ப மட்டும், வலது கையால் தெரிந்த பாட்டு ஏதாவது. விரலை ஓங்கி அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சத்தம் போதாவிட்டால் ஆம்ப்ளிஃபயரைத் திருகட்டும். ஒரு மழைக்காலம் இப்படி வாசித்த பிறகும் அடம் குறையவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். பழையது விலைக்கு வருகிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.