இலவச சட்ட உதவி: கேள்விகளும் பதில்களும்

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் உதவியைப் பெறுவது குறித்துத் தமிழ்நாட்டுக் கிராமத்தினர் கேட்டவற்றுக்கு, வட்ட சட்டப்பணிகள் குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (இல்லத்தரசி): வணக்கம் அம்மா. என் கணவர் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். அவர் மீதே ஜீவனாம்ச வழக்குத் தொடுக்க வேண்டிய நிலை. எனக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா?

பதில்: கிடைப்பார். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், பெண்களுக்கு வருமான வரம்பு எதையும் வைக்கவில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்ற வரம்பு பொருந்தும். அவர்களும்கூட வருமானத்தைப் பற்றி ஓர் உறுதிமொழிப் பத்திரம் அளித்தால் அதையே போதுமானதாக ஏற்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, கணவரின் சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டு காலத்தைக் கடத்தாமல், நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டக் குழு அலுவலகத்தில் மனுவை இன்றே கொடுங்கள். நேரில் வர இயலாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி (கட்டடத் தொழிலாளி): இலவசமாக வரும் வக்கீல் வழக்கைச் சரியாக நடத்த மாட்டார், கடைசியில் அவரும் பணம் கேட்பார் என்று ஊரில் சொல்கிறார்களே?

பதில்: அந்தப் பேச்சு முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. பட்டியல் வழக்கறிஞருக்குக் கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது; கட்சிக்காரரிடம் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வழக்கறிஞரை மாற்றித் தரும்படி கேட்கலாம். பட்டியலில் உள்ள இன்னார்தான் வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்கலாம். இயன்றால் அதை ஏற்பார்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர், 71 வயது): அம்மா, ஆறு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது மருந்துக்கும் தருவதில்லை, திண்ணையில்தான் படுக்கை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

பதில்: ஐயா, முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு ஒரு ரத்துப் பத்திரம் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிபந்தனையற்ற செட்டில்மெண்ட்டை ஒருதலையாக ரத்து செய்வது நிலைக்காது. உங்களுக்கு உரிய வழி, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம். அதன்படி அமைந்த தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே தலைவர். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு, இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

ஒன்று, மாதப் பராமரிப்புத் தொகை. தமிழ்நாட்டில் இது மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்கப்படலாம். மகனிடம் நோட்டீஸ் சேர்க்கப்பட்டதிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பாயம் இதை முடிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொன்று, 23ஆம் பிரிவின்படி பத்திரத்தைச் செல்லாததாக அறிவிப்பது. சொத்தைப் பெற்றவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்த ஒருவர் சொத்தைக் கொடுத்திருந்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகவே சட்டம் கருதும். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று எழுதுவார்களே தவிர, ‘சோறு போட வேண்டும்’ என்று யாரும் எழுதுவதில்லை. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது மூத்தோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், வீட்டின் சுவாதீனத்தைத் திருப்பித் தரவும் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. எனவே, பத்திரத்தில் வாசகம் இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம். அந்தச் சமயத்தில் மகன் எழுதிக் கொடுத்த கடிதம், கைப்பேசிச் செய்தி, பேச்சு நடந்தபோது உடனிருந்த உறவினர்கள் என்று கிடைக்கும் எல்லாவற்றையும் திரட்டுங்கள். வில்லங்கச் சான்றையும் உடனே எடுங்கள். வீட்டை அவர் அடமானம் வைத்திருந்தாலோ விற்றிருந்தாலோ, மூன்றாம் நபர் உள்ளே வருவார். அப்போது மனுவை வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும். மனு எழுத வட்டக் குழுவின் சட்டத் தன்னார்வலர் உதவுவார்.

கேள்வி (கடைக்காரர்): கடையில் திருட்டுப் போனது. காவல் நிலையத்தில், சம்பவ இடம் தங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம். பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். தபால் ரசீதை எறிந்துவிடாதீர்கள். நடுவர் முன் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது என்பது மனு பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. அது கையில் இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டதாகப் பலர் நினைத்து ஏமாறுகிறார்கள்.

கேள்வி (விபத்தில் கணவரை இழந்தவர்): மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் சொன்ன தொகைக்குக் கையெழுத்திட்டேன். குறைவு என்று இப்போது தெரிகிறது. மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: முடியாது, அம்மா. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அது இறுதியானது. மோசடி போன்ற குறுகிய காரணங்களுக்காக மட்டும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தொகை போதவில்லை என்பது அந்தக் காரணங்களில் சேராது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சமரசத்துக்கு உடன்படாமல் எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு, வழக்கு பழையபடி நீதிமன்றத்தில் தொடரும். இறந்தவரின் வயது, மாத வருமானம், அவரை நம்பியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து எவ்வளவு வரும் என்று வழக்கறிஞரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி (விவசாயி): என் அக்காவுக்கு 1985இல் திருமணம் ஆனது. பூர்வீக நிலத்தில் அவருக்குப் பங்கில்லை என்கிறார் தம்பி.

பதில்: இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன் மணமான மகள்களை விலக்கியிருந்தது உண்மை, உங்கள் தம்பி அங்கேயே நின்றுவிட்டார். 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. தந்தை அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளுக்குச் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றம் மூலமோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

கேள்வி (கல்லூரி மாணவி): கிராம சபையில் குடிநீர்த் தொட்டியின் செலவுக் கணக்கைக் கேட்டேன். “பிறகு பார்க்கலாம்” என்றார்கள்.

பதில்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இதற்கிடையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மதிப்பீட்டு அறிக்கை, அளவீட்டுப் புத்தகம், பணப் பட்டுவாடாச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ‘ஏன் செலவானது?’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுப்பது கடினம். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.