கரமோஜாவின் பள்ளிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மேய்ச்சல் சமூகங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் உகாண்டாவில், கம்பாலாவில் இருக்கிறேன். சோலார் பம்ப் நிறுவும் ஒரு கம்பெனியில் வேலை. வேலை விஷயமாக நாட்டின் வடகிழக்கில் இருக்கும் கரமோஜாவுக்குப் போய், மொரோட்டோ நகரைத் தாண்டிச் சில கிராமங்களைப் பார்த்து வந்தேன். அங்கே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. கட்டடம் நன்றாகவே இருந்தது. ஆனால் வகுப்பறைகள் பாதி காலி. வெளியே சாலை நெடுக, பத்து வயது கூட நிரம்பாத பையன்கள் மாடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கூட்டம் சேர்கிறது.

கட்டணம் கிடையாது, சாப்பாடும் போடுகிறார்கள். அப்படியும் பிள்ளையை அனுப்பாத பெற்றோரை என்ன சொல்வது? என்னோடு வந்த டிரைவர், "இவர்களுக்கு மாடுதான் எல்லாம், படிப்பு ஏறாது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நண்பர்கள் சிலர் சேர்ந்து அந்தப் பள்ளிக்கு நாலைந்து கணினி வாங்கித் தரலாம் என்று பேசியிருக்கிறோம். பிள்ளைகளை உள்ளே இழுக்க அது உதவும் இல்லையா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கம்பாலா

அன்புள்ள நண்பருக்கு,

கணினிக்குப் பணம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதற்குக் காரணம் சொல்வதற்கு முன், உங்கள் டிரைவர் சொன்னதைப் பார்த்துவிடலாம். கரமோஜாவுக்கு வெளியே இருக்கும் உகாண்டாக்காரர்கள் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு அது. அந்தப் பெற்றோரின் இடத்தில் நின்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது.

கரமோஜாவில் ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். அதையும் நம்ப முடியாது. சோளம் விதைக்கிறார்கள், பல வருடங்களில் அது கருகிப்போகிறது. அப்போது வீட்டைக் காப்பாற்றுவது மாடும் ஆடும்தான். கோடையில் புல்லும் தண்ணீரும் தேடி மந்தை மேற்கே நகரும். சின்னப் பையன்கள் வீட்டருகே கன்றும் ஆடும் மேய்ப்பார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் மந்தையோடு தொலைதூரக் கிடைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். பெண்பிள்ளைக்குத் தண்ணீர், விறகு, மாவு அரைப்பது, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிவது. இந்த வேலையெல்லாம் நடக்கிற அதே பகல் நேரத்தைத்தான் பள்ளியும் கேட்கிறது. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் இன்றைக்கு ஒரு ஆள் குறைகிறான். ஏழு வருடம் கழித்துத் தொடக்கக்கல்வித் தேர்வு எழுதி, அதன்பின் காசு கட்டி உயர்நிலைப்பள்ளி முடித்து, எங்கோ ஒரு நகரத்தில் வேலை கிடைத்தால்தான் அந்த ஆள் கொடுத்ததற்குப் பலன். அப்படிப் பலன் கண்ட வீடுகள் அந்த ஊர்களில் எத்தனை? அதனால்தான் பல வீடுகளில் பிள்ளைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள்: ஒருவன் பள்ளிக்கு, ஒருவன் மாட்டுக்கு. நான் இதை விவேகம் என்றுதான் சொல்வேன்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதத் தெரிந்தவன் அரசாங்கத்தின் ஆள். வரிக்குப் பெயர் எழுதினான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக்கு ஆள் பிடிக்கவும் பெயர் எழுதினான். பெயர் எழுதப்பட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பெரியவர்கள் கூடி, பேனாவைச் சபித்து மண்ணில் புதைத்தார்கள் என்று கரமோஜாங் மக்கள் சொல்கிறார்கள். 1995இல் பெரியவர்கள் மறுபடியும் கூடினார்கள். சடங்கு செய்து, புதைத்த பேனாவைத் தோண்டி எடுத்து, சாபத்தை நீக்கினார்கள். கரமோஜாவைப் பின்தங்கிய இடம் என்று எழுதுகிறவர்கள் பேனாவைப் புதைத்த கதையை விரும்பிச் சொல்கிறார்கள். தோண்டி எடுத்ததைச் சொல்வதில்லை. அது எனக்குக் கோபத்தையே தருகிறது.

உகாண்டா அரசு 1997இல் தொடக்கக்கல்வியைக் கட்டணமில்லாமல் ஆக்கியது. குடும்பத்துக்கு நான்கு பிள்ளைகள் வரை என்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. நாடு முழுவதும் சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 53 லட்சமானது. ஆப்பிரிக்காவின் பெரிய சாதனைகளில் ஒன்று இது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கரமோஜா மட்டும் இந்த வெள்ளத்தில் சேரவில்லை. மற்ற மாவட்டங்களில் பிள்ளைகளைத் தடுத்தது கட்டணம், அது போனதும் வந்துவிட்டார்கள். இங்கே தடுத்தது நேரமும் தூரமும். அவற்றை யாரும் தொடவில்லை.

தொட்டவர்கள் அடுத்த ஆண்டு வந்தார்கள். 1998இல், நார்வேயின் குழந்தைகள் நல அமைப்பும் அரசும் சேர்ந்து, அன்றைய மொரோட்டோ, கொட்டிடோ மாவட்டங்களில் கரமோஜாவுக்கான மாற்று அடிப்படைக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கின. சுருக்கமாக 'அபெக்' என்பார்கள். என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்களோடு பேசிப் பாடம் வகுத்தார்கள். எழுத்தும் எண்ணும் போக, கால்நடை வளர்ப்பு, பயிர், உடல்நலம், ஊர்களுக்கிடையே சமாதானம் எல்லாம் பாடத்தில் வந்தன.

அந்த வகுப்பு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். வெளிச்சம் இப்போதுதான் வருகிறது. குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு மரம். மரக்கட்டைகள்தான் பெஞ்சு, அடிமரத்தில் சாய்த்த கரும்பலகை. வாத்தியார் அதே ஊர்க்காரர், அவர்கள் மொழியிலேயே நடத்துகிறார். பெண்பிள்ளை தம்பியை முதுகில் கட்டிக்கொண்டே வந்து உட்காரலாம், யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பையன் கம்போடு வருகிறான். மாட்டை அவிழ்க்கும் நேரத்துக்கு வகுப்பு முடியும். மந்தை திரும்பியபின் சாயங்காலம் மறுபடி கொஞ்ச நேரம். ஆறு வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். "படிப்பு ஏறாது" என்று சொல்லப்பட்ட ஊர்களில் இந்த மரத்தடிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. மரத்தடி வாத்தியாருக்குக் கிடைத்தது அரசு ஆசிரியர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, அதனால் பலர் விட்டுப் போனார்கள். இரண்டாந்தரப் பள்ளி என்று நினைத்த பெற்றோரும் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், சில வருடம் கழித்துப் பிள்ளை வழக்கமான பள்ளிக்கு மாறும்போது வந்தது. அங்கே அதே பகல் நேரம், அதே தூரம், சீருடை, நோட்டு. நிறையப் பேர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். பழியை மரத்தடி மேல் போட்டவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. மறுமுனையில் இருந்த பள்ளி தன் மணியை அரை மணி நேரம் கூட நகர்த்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1979இல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் ஆட்சி கவிழ்ந்து ஓடியபோது மொரோட்டோ படைமுகாமின் ஆயுதக்கிடங்கு சூறையாடப்பட்டது. ஈட்டியோடு நடந்த மாட்டுக் கொள்ளை அதன்பின் தானியங்கித் துப்பாக்கியோடு நடந்தது. 2006 முதல் ராணுவம் கடுமையாக ஆயுதங்களைப் பறித்தது, சில வருடம் அமைதி. 2019 வாக்கில் கொள்ளை மறுபடியும் தலைதூக்கியது. அந்தச் சாலையில் பிள்ளையைத் தனியாக நடக்க விடுவது சாதாரண முடிவு இல்லை. போதாததற்குக் கொரோனா. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். உலகத்திலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று. அதற்குள் மாட்டுக்குப் போனவனையும், கல்லுடைக்கவும் தங்கம் அரிக்கவும் போனவளையும் திரும்ப அழைத்து வருவது எளிதா?

"சாப்பாட்டுக்கு மட்டும்" வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உகாண்டாவில் பள்ளிப் பிள்ளைக்குச் சாப்பாடு பெற்றோரின் பொறுப்பு என்று 2008 கல்விச் சட்டமே சொல்கிறது. கரமோஜாவில் மட்டும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பள்ளிகளுக்குச் சாப்பாடு தருகிறது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அன்று அந்தப் பிள்ளை சாப்பிடும் ஒரே வேளை இதுவாக இருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். அவளை உட்கார வைத்து எழுத்தைச் சொல்லிக்கொடுக்க அந்த நேரத்தில் அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்றுதான் நான் கேட்பேன்.

பல நாள் இருப்பதில்லை. எட்டாத இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் கூடுதல் படி என்று அரசு வைத்திருக்கிறது. ஆனால் தங்க வீடு இல்லாத பள்ளியில் படி மட்டும் என்ன செய்யும்? ஆசிரியர் நகரத்தில் தங்கி வந்து போகிறார். மழை பெய்தால் காய்ந்து கிடந்த மணல் ஆறு திடீரென்று புரண்டு ஓடும், அன்று வர முடியாது. வெளியூரிலிருந்து வந்தவருக்குப் பிள்ளைகளின் மொழியும் தெரியாது. முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்த வேண்டும் என்று 2007 பாடத்திட்டம் சொல்கிறது. அதை நடத்தக் கரமோஜாங் பேசும் ஆசிரியர் வேண்டுமே.

இனி பணம். 1990களின் நடுவில் உகாண்டாவில் 250 தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். சம்பளம் போக, பள்ளிச் செலவுக்காக மத்திய அரசு அனுப்பிய தொகையில் 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. மீதி வழியில் மாவட்ட மட்டத்தில் நின்றுவிட்டது. அதன்பின் அரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட்டது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர ஆரம்பித்தது. செய்தித்தாள் ஒரு காரணம்தான், வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்பவர்களும் உண்டு, அது நியாயமான வாதம். ஆனாலும் நீங்கள் எந்தப் பொருள் கொடுத்தாலும், இன்னது கொடுத்தோம் என்று ஊர் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

கணினிக்கு வருகிறேன். பக்கத்துக் கென்யாவின் புசியா பகுதியில் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடப்புத்தகம் கொடுத்து, என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தார்கள். பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் அதில் ஒருவர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகத்துக்கே இதுதான் கதி என்றால், மின்சாரமும் பழுது பார்க்க ஆளும் இல்லாத இடத்தில் நாலைந்து கணினி என்ன செய்யும்? பூட்டிய அறைக்குள் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

உங்கள் கையில் அதைவிடப் பயனுள்ள தொழில் இருக்கிறது. அந்தப் பள்ளியில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பம்பு பழுதாகிக் கிடந்தால், சோலார் பம்பும் ஒரு தொட்டியும் போட்டுத் தர முடியுமா என்று யோசியுங்கள். தண்ணீர் பள்ளியில் கிடைத்தால் பெண்பிள்ளை காலையில் குடத்தோடு பள்ளிக்கே வருவாள், மைல் கணக்கில் வேறு பக்கம் நடக்க வேண்டாம். ஆட்டுக்கும் கன்றுக்கும் ஒரு தனித்தொட்டி வையுங்கள், பையன்களும் அந்தப் பக்கம் வருவார்கள். ஊரில் தண்ணீர்க் குழு இருந்தால் சாவியும் உதிரிபாகங்களும் அவர்களிடம் இருக்கட்டும், இரண்டு பேருக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பணம் மிஞ்சினால் ஆசிரியர் குடியிருப்புக்கு விளக்குப் போடலாம். குடியிருப்பே இல்லையென்றால், முதலில் அதற்கு என்ன செலவாகும் என்று தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

அடுத்த முறை போகும்போது டிரைவரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, மாடு மேய்க்கும் பையன்களின் வீட்டுப் பெரியவர்கள் யாரிடமாவது, எந்த நேரத்தில் பள்ளி நடந்தால் பிள்ளையை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்