டைட்டில் ஓடும்போது

அன்புள்ள ஐயா,

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை (1958) சென்ற வாரம் ஒரு திரையிடலில் பார்த்தேன். வீட்டில் எப்போதும் டைட்டிலைத் தள்ளிவிட்டுத்தான் படம் பார்ப்பேன். அங்கே அதற்கு வழியில்லை. ஒரு பெண்ணின் முகம், அவள் கண்ணுக்குள்ளிருந்து சுழன்று வரும் சுருள்கள். காதல் படத்துக்கு இப்படி ஒரு தொடக்கம் ஏன்? அந்தச் சுருள்களுக்கு என்ன பொருள்?

ச., மேற்கு மாம்பலம்

அன்புள்ள ச.,

சுருள்களுக்குப் பொருள், படத்தின் பெயரே சொல்லும் தலைசுற்றல்தான். நாயகியின் கொண்டையிலும் அதே சுழல் வருகிறது; அதற்கு மேல் அதில் தோண்ட ஒன்றுமில்லை. ஆனால் டைட்டிலைத் தள்ளிவிடும் பழக்கத்தை, பல் துலக்குவதைச் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

என் சிறுவயதில் வடபழனியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் டைட்டில் எழுதும் ஓவியர் ஒருவர் குடியிருந்தார். கறுப்பு அட்டையில் வெள்ளைப் போஸ்டர் கலரால் எழுதுவார். 'இயக்கம்' என்பதன் முதலெழுத்துச் சுழியை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் முடிப்பார். அந்த எழுத்துகளைத் தனியே படமெடுத்து, லேபில் காட்சியின்மேல் ஏற்றுவார்கள். அதற்காகக் காட்சி மீண்டும் ஒருமுறை பிரதியெடுக்கப்படுவதால் சற்று மங்கிவிடும். பழைய படங்களில் கடைசிப் பெயர் மறைந்து அடுத்த ஷாட் வந்ததும் திரை துலங்குவது அதனால்தான். காதல் படமென்றால், தூரிகையை எடுக்குமுன் கம்பெனி ஆளிடம் அவர் கேட்பது ஒன்றே: "கடைசியில ரெண்டு பேரும் சேர்றாங்களா?" சேர்ந்தால் எழுத்தின் வால்கள் வளைந்து நீளும், பிரிந்தால் வெட்டினாற்போல் நிற்கும்.

நாம் முதலில் பார்ப்பது, பெரும்பாலும் கடைசியில் செய்யப்பட்டது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. நம் படங்களில் பாடல்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அப்போது இசையமைப்பாளர் அறிந்திருப்பது இயக்குநர் சொன்ன சூழலை மட்டுமே. டைட்டில் இசையோ, படத்தொகுப்பு முடிந்து, முழுப் படத்தையும் பார்த்தபின், பின்னணி இசை சேர்க்கும் ரீரெக்கார்டிங்கில் பிறப்பது. 'மௌன ராகம்' (1986) தொடங்கும்போது திவ்யா யாரென்றே நமக்குத் தெரியாது. இளையராஜாவோ அவளுடைய திருமணத்தையும் இழந்த காதலையும் இறுதி ரயில் காட்சியையும் பார்த்து முடித்துவிட்டு வந்து நமக்கு வாசித்துக் காட்டுகிறார். பாடலை ஆயிரம் முறை கேட்பவர்கள், கதை முழுவதும் தெரிந்த ஒருவர் பேசும் அந்த ஓரிரு நிமிடங்களுக்குப் பொறுமையில்லாமல் பொத்தானைத் தேடுகிறார்கள்.

'வெர்டிகோ'வின் டைட்டிலை வடிவமைத்த சால் பாஸும் முடிவு தெரிந்தே தொடங்குகிறார். அவர் காட்டும் முகம் நாயகி கிம் நோவாக்குடையது அன்று. உதடு, கண் என்று துண்டு துண்டாக நெருங்கிக் காட்டுவதால் நாயகிதான் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். ஒருத்தியை வேறொருத்தியென்று நம்பி ஏமாறப்போகிற நாயகன் திரைக்கு வருமுன்பே, அரங்கில் நீங்கள் ஏமாந்தாகிவிட்டது.