யாரை அடிப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் நண்பர்களோடு பகடை உருட்டி சூப்பர் ஹீரோ கதை விளையாடுகிறான். "இந்தத் தடவை வில்லனே இல்லைப்பா, ஊரே எங்களை வெறுக்குது" என்கிறான். இதில் விளையாட என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நிறைய இருக்கிறது. கல்லூரி நாட்களில் நானும் கதை நடத்தியவன். நண்பர்கள் ஆளுக்கொரு ஹீரோ, ஊரார் எல்லாரும் நான்; முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1984-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' விளையாட்டுப் பெட்டி எங்களிடம் இருந்தது. வலு, அறிவு போல 'பாப்புலாரிட்டி'க்கும் அதில் ஓர் எண் உண்டு. ஊரார் உங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்ற கணக்கு அது. ஹீரோ ஓர் உயிரைக் கொன்றால், நல்லது செய்து சேர்த்த 'கர்மா' புள்ளிகள் மொத்தமும் போய்விடும்.

என் நண்பனின் பாத்திரம் பாறைத் தோலோடு பிறந்த மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்டவன். பாப்புலாரிட்டி பூஜ்யம். நியூயார்க் பாலத்தில் தொங்கிய பேருந்தைத் தூக்கி நிறுத்தினான். மறுவாரம் பத்திரிகைச் செய்தி போல ஒரு துண்டுச்சீட்டை அவன் முன் வைத்தேன்: 'பள்ளிப் பேருந்தை உடைத்த மிருகம்'. படம் பொய்யில்லை. ஜன்னலுக்குள் கல் கை, அழும் குழந்தை. பாலத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

"எழுதினவன் எங்கே?" என்று கொதித்தான். பிறகு யோசித்து, ஓட்டுநர் வீட்டுக்குப் போனான். அந்தப் படத்தையே டிவியில் நாலு நாள் பார்த்த மனிதர் அவர். "நீங்கதான் இடிச்சீங்களோ?" என்று கேட்கவைத்தேன். பகடை உருட்டினான், தோற்றான். வெகுநேரம் பேசவே இல்லை. கடைசியில் மெதுவாக, "உங்களை வெளியே இழுத்தேனே, எந்தக் கையைப் பிடிச்சேன்?" என்றான். ஓட்டுநர் தன் வலது மணிக்கட்டின் கன்றிப்போன தழும்பைத் தடவிப் பார்த்தார். அதற்கு நான் பகடை கேட்கவில்லை.

இந்த மியூட்டன்ட்கள் 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் காமிக்ஸ் தொடரில் படைத்தவர்கள். 1965-ல் அதே தொடரில் பொலிவர் டிராஸ்க் என்ற அறிஞர் வருகிறார். மியூட்டன்ட்கள் மனித குலத்தை அடிமையாக்குவார்கள் என்று பத்திரிகைகள் வழியே பயத்தைக் கிளப்பி, அவர்களை ஒடுக்க சென்டினல் என்ற இயந்திரங்களைக் கட்டுகிறார். அவையோ அவர் பேச்சையே கேட்க மறுக்கின்றன. எனக்கு அவரைவிட முக்கியம், அந்தச் செய்தியைப் படித்துக் கதவைத் தாழிட்ட சாதாரண ஆள். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், பயம் நிஜம். ஊராரை வெறும் முட்டாள் கூட்டமாகக் காட்டும் கதை எனக்குப் பிடிப்பதில்லை. அது இன்னொரு வகை வெறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அந்த மேசையில் உட்காருங்கள். ஹீரோ வேண்டாம். அந்த ஓட்டுநர் மாதிரி ஒரு பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.