ஆஸ்துமாதானா, வேறு ஏதாவதா? மூச்சுத்திணறல் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் பிஎஃப்டி, அதாவது நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊத வைத்துப் பார்க்கும் டெஸ்ட், எடுக்கும் டெக்னீஷியன். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, அதை இங்கே செய்யப் போவதில்லை. ஆனால் யார் எப்படி ஊதுகிறார்கள், எந்த கிராஃப் எதைச் சொல்கிறது, எந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்காமலே வீடு திரும்புகிறார்கள் என்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வயசு 34. மூணு வருஷமா வீசிங்னு சொல்லி ரெண்டு இன்ஹேலர் போடறேன். மாடிப்படி ஏறினா இப்பவும் மூச்சு வாங்குது. ஸ்டெத் வச்சுப் பார்த்ததோட சரி, எந்த டெஸ்ட்டும் எடுக்கல. எனக்கு ஆஸ்துமாவே இல்லையோன்னு தோணுது. கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயமா இருக்கு.

பதில்: கேளுங்கம்மா. இது டாக்டரை எதிர்த்துப் பேசுவது ஆகாது. கனடாவில் ஓர் ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட பெரியவர்களைக் கூப்பிட்டு மறுபடி முறையாகச் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. சோதனையை முடித்த 613 பேரில் 203 பேருக்கு அப்போது ஆஸ்துமா இல்லை. சிலருக்கு இருந்து அடங்கிப் போயிருக்கலாம், சிலருக்கு முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். 12 பேருக்கு இதய நோய், மூச்சுக்குழாய்ச் சுருக்கம் போன்ற பெரிய கோளாறு ஆஸ்துமா என்ற பெயருக்குள் மறைந்திருந்தது. ஆஸ்துமா இல்லை என்று ஆனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, முதலில் அந்தப் பெயரைச் சொன்னபோது ஊதும் டெஸ்ட் எடுத்ததாகவே பதிவு இல்லை.

அந்த டெஸ்ட்டுக்குப் பெயர் ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டுவோம். குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, ஒரே வீச்சில் வெடிப்பது போல வெளியே தள்ள வேண்டும். தள்ளிய பிறகும் நிறுத்தக் கூடாது. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பேன். ஆறு நொடியாவது போக வேண்டும். மூன்று நல்ல ஊதல் கிடைக்கும் வரை விடமாட்டோம். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வோம். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, அதாவது எஃப்இவி1, இரண்டாவது முறை 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், மூச்சுக்குழாய் சுருங்கி விரிகிறது என்பதற்கு நல்ல சான்று. பல இடங்களில் பார்க்கும் கணக்கு இதுதான்.

இன்னொன்று. இன்ஹேலர் போடும் விதத்தை யாராவது ஒருமுறை எதிரில் உட்கார்ந்து பார்த்தார்களா? அழுத்தும் பம்ப் என்றால் மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து நொடி அடக்க வேண்டும். கேப்சூல் போடும் கருவி என்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மருந்து தொண்டையோடு நின்றுவிட்டால், ஆஸ்துமாவே இருந்தாலும் குறையாது. டாக்டரிடம் "டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாமா சார்" என்று கேளுங்கள், போதும். அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஸ்பைரோமெட்ரி நார்மல்னு வந்துச்சு. ஆனா டாக்டர் ஆஸ்துமாதான்கிறார். யாரை நம்பறது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆஸ்துமா நேரத்துக்கு நேரம் மாறும். நீங்கள் காலை பதினோரு மணிக்கு நன்றாக இருக்கும்போது ஊதியிருப்பீர்கள், திணறல் விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறது. டெஸ்ட்டுக்கு முன்னால் காலை பஃப் போட்டுவிட்டு வந்திருந்தாலும் நார்மல் காட்டும். எந்த மருந்தை எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். உடனடி நிவாரண பஃப் என்றால் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு இன்னும் அதிகம்.

நார்மல் வந்த பிறகும் சந்தேகம் இருந்தால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி இரண்டு வாரம் காலை, மாலை ஊதிக் குறித்து வையுங்கள். பெரியவர்களுக்கு தினசரி ஏற்றத்தாழ்வு சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமா பக்கம் சாயும். பெரிய மையங்களில் மெத்தகோலின் டெஸ்ட் இருக்கிறது. மூச்சுக்குழாயை வேண்டுமென்றே கொஞ்சம் சீண்டிப் பார்க்கும் சோதனை அது. திணறல் இருக்கும் காலத்தில் எடுத்து நெகட்டிவ் வந்தால், அப்போதைய திணறலுக்கு ஆஸ்துமா காரணம் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, 800 மீட்டர் ஓடுவா. ரெண்டாவது ரவுண்டுல தொண்டையில "ஈ..."ன்னு சத்தம் வருது, மூச்சே போகலைங்கிறா. ஓடறதுக்கு முன்னாடி பஃப் போட்டும் பிரயோஜனம் இல்ல. கோச் "பயப்படறா"ங்கிறார்.

பதில்: உங்கள் கேள்வியிலேயே மூன்று தடயம் இருக்கிறது. சத்தம் தொண்டையில், ஓடிக்கொண்டு இருக்கும்போதே, பஃப் கேட்கவில்லை. சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போதா, வெளியே விடும்போதா என்று கவனியுங்கள். ஆஸ்துமாவின் வீசிங் பெரும்பாலும் வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து வரும். உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா, ஓடி நின்ற பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் கூடி, அடங்க அரை மணி நேரம் ஆகும். உங்கள் பெண்ணுக்கு நின்ற சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது என்றால், இழுக்கும்போது குரல்வளை விரிவதற்குப் பதிலாக மூடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வளரும் வயதுப் பெண் பிள்ளைகள், அதிலும் போட்டிக்கு ஓடுபவர்களிடம் இது அதிகம்.

1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகர டாக்டர்கள், ஆஸ்துமா என்று மருந்து சாப்பிட்டு வந்த ஐந்து பேருக்கு உண்மையில் குரல்நாண்தான் மூடிக்கொள்கிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. நார்வேயில் பெர்கன் நகரத்தில், டிரெட்மில்லில் ஓடவிட்டுக்கொண்டே மூக்கு வழியாகக் கேமரா விட்டு குரல்வளையைப் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் அடுத்த முறை அவள் ஓடும்போது, ரவுண்டு முடியும் இடத்தில் நின்று முகமும் கழுத்தும் தெரிய, சத்தம் கேட்கும்படி ஃபோனில் வீடியோ எடுங்கள். இஎன்டி டாக்டருக்கும் நெஞ்சக டாக்டருக்கும் அந்த அரை நிமிட வீடியோ பெரிய உதவி. சிகிச்சை பெரும்பாலும் ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுத் தரும் மூச்சுப் பயிற்சிதான். கோச்சிடம் சொல்லுங்கள், இது பயம் இல்லை. பயம் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டத்தை விட்ட பிள்ளைகள் உண்டு, அது எனக்கு மிகவும் வருத்தம்.

கேள்வி: தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட், மூணு வாரம் ஐசியூல வென்டிலேட்டர்ல இருந்தான். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வீசிங்னு தினமும் நெபுலைசர் வைக்கிறாங்க. கூடிட்டேதான் போகுது.

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். தள்ளிப் போடாதீர்கள். வென்டிலேட்டர் குழாய் உரசிய இடத்தில் மூச்சுக்குழாய் புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகிச் சுருங்கும். அது வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தெரியும். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் சுமார் 8 மில்லிமீட்டருக்குச் சுருங்கும் வரை நடக்கும்போதுகூடப் பெரிதாகத் தெரியாது. 5 மில்லிமீட்டருக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரைக்கும். அதனால்தான் நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று மோசமானது போல இருக்கும். தழும்பை நெபுலைசர் விரிக்காது.

ஊதும் டெஸ்ட்டில் இது பளிச்சென்று தெரியும். சாதாரணமாக மலை உச்சி போலக் கூராக ஏற வேண்டிய கோடு, இவர்களுக்கு மேலே வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். ஆனால் அந்த கிராஃபைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்தால் தவறிவிடும். "வென்டிலேட்டரில் இருந்தான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கழுத்து, நெஞ்சு சிடி ஸ்கேனும், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியும் தேவையா என்று கேளுங்கள். இரைப்புச் சத்தம் ஓய்வில் இருக்கும்போதே கேட்டால் ஓபி வரிசையில் நிற்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: மனைவி அஞ்சு மாசம். ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தா பரவாயில்ல. கர்ப்பத்துல வீசிங் வரும்னு இன்ஹேலர் குடுத்திருக்காங்க. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்காம்.

பதில்: அந்தச் சின்ன வயதுக் காய்ச்சலை டாக்டரிடம் சொன்னீர்களா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருந்தால் இதய வால்வு ஒன்று சுருங்கியிருக்கலாம். கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும்போதுதான் பலருக்கு அது முதல் முறையாக வெளியே தெரிகிறது. படுத்தால் முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் அடங்குவதும் இதயத்தைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. இந்த வாரமே எடுங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், ரத்தசோகை மட்டுமே இருந்தாலும் மூச்சு வாங்கும்.

கேள்வி: ஈசினோபில் 12 சதவீதம். அப்ப ஆஸ்துமாதானே?

பதில்: ஈசினோபில் என்பது ரத்த வெள்ளையணுவில் ஒரு வகை. சதவீதத்தை விட்டுவிட்டு அதன் மொத்த எண்ணிக்கையைக் கேளுங்கள். வெள்ளையணு 8,000 என்றால் 12 சதவீதம் என்பது 960. அலர்ஜி, ஆஸ்துமா, குடல் புழு எதிலும் அந்த அளவு வரும். 3,000-ஐத் தாண்டி, இரவு வறட்டு இருமலும் இரைப்பும் இருந்தால், யானைக்கால் புழுவின் குட்டிகளுக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம். ஆஸ்துமா மாதிரியே இருக்கும், ஆனால் மருந்து வேறு. வழக்கமாக மூன்று வாரம் மாத்திரை.

கேள்வி: அம்மாவுக்கு 62. பீடி சிகரெட் எதுவும் கிடையாது, அதனால ஆஸ்துமான்னுட்டாங்க.

பதில்: விறகடுப்பில் எத்தனை வருடம் சமைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையா? புகை பிடிக்காத நம் ஊர்ப் பெண்களுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நுரையீரல் நோய்) வர அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். முன்பு காசநோய் வந்திருந்தாலும் நுரையீரலில் தழும்பு நின்று இதே மாதிரி இரைக்கும். பஃப் கொடுத்த பிறகும் ஊதும் அளவு சரியாகாமல் அப்படியே நின்றால் அது சிஓபிடி பக்கம். எக்ஸ்ரேயும் ஊதும் டெஸ்ட்டும் இரண்டும் வேண்டும்.

கேள்வி: நாங்க அபார்ட்மென்ட்ல ஒன்பதாவது மாடி. பால்கனி முழுக்க புறா. அப்பாவுக்கு ஆறு மாசமா இருமல், நடந்தா இரைக்குது, எடை குறையுது. ஆக்சிமீட்டர்ல 96 இருக்கு, அதனால பயம் இல்லைன்னு சொல்றாங்க.

பதில்: உட்கார்ந்து எடுத்த 96-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவரை ஆறு நிமிடம் நடக்க வைத்து, விரலில் ஆக்சிமீட்டரோடு பாருங்கள். 96 இருந்தது 90-க்கு இறங்கினால் நுரையீரல் திசுவில் பிரச்சினை இருக்கலாம். ஆஸ்துமா இப்படி மெதுவாக எடையைக் குறைக்காது. புறாவின் எச்சமும் இறகுத் தூளும் சிலருக்கு நுரையீரல் திசுவில் அழற்சியை உண்டாக்கும். இந்தியாவில் 19 நகரங்களில் திசு நோய் உள்ள 1,084 பேரைப் பதிவு செய்து 2017-இல் வெளியான ஆய்வில், 47 சதவீதம் பேருக்கு இந்த வகை அழற்சி இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். தண்ணீர்த் தொட்டியில் பூஞ்சை சேரும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு எச்ஆர்சிடி, அதாவது நுணுக்கமான சிடி ஸ்கேன், எடுப்பது பற்றிக் கேளுங்கள். பால்கனியை அப்பா சுத்தம் செய்யவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியில் காசநோய்ச் சோதனையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் நார்மல். எக்கோ, சிடி, ரத்தம் எல்லாம். ஆனா கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு நிறையவே மாட்டேங்குது. அடிக்கடி பெருமூச்சு, கொட்டாவி. விரல் நுனி மரத்துப் போகுது. படி ஏறினா ஒண்ணும் இல்ல. "மனசுதான் காரணம், போங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

பதில்: அப்படி அனுப்பியது சரியில்லை. உங்கள் திணறல் நிஜம். மூச்சு விடும் பழக்கமே தடம் மாறிப்போவது உண்டு. நெஞ்சின் மேல் பகுதியால், தேவைக்கு மேல் விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. விரல் மரத்துப் போவதும், உதடு சிலிர்ப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று இன்னும் இழுப்பீர்கள், இன்னும் கூடும். கோவிட்டுக்குப் பிறகு இப்படி வருபவர்களை நிறையப் பார்க்கிறோம். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் உருவான 16 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் மதிப்பெண் 23-க்கு மேல் வந்தால் இதைச் சந்தேகிப்பார்கள். மூச்சுப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். மூக்கு வழியாக, வயிறு அசையும்படி, சின்னதாக, மெதுவாக விடப் பழக்குவார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆஸ்துமாவோடு சேர்ந்தும் இது வரலாம் என்பதால் இன்ஹேலர் பற்றிய முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

கேள்வி: ஆஸ்துமா இல்லைன்னு தெரிஞ்சா உடனே எல்லாத்தையும் நிறுத்திடலாமா?

பதில்: கூடாது. கனடா ஆய்விலேயே மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஊத வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி திடீரென்று மூச்சு முட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இந்த டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில் எடுப்பாங்களா?

பதில்: எடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டு வர வேண்டாம், இறுக்கமான உடுப்பு வேண்டாம். கடைசியாக பஃப் போட்ட நேரத்தை எழுதி எடுத்து வாருங்கள். சமீபத்தில் ஹார்ட் அட்டாக், கண் ஆபரேஷன், இருமலில் ரத்தம், இதில் எது இருந்தாலும் ஊதுவதற்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.