எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) போன மாதம்தான் எடுத்தார்களாம். பழைய வேனை நம்பி வாங்கலாமா?

கேள்வி: 2013 மாடல் டாடா விங்கர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டீசல், மஞ்சள் போர்டு, டிரைவரோடு 13 சீட். ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் ஓட்டிய வண்டி, மீட்டரில் 2,40,000 கி.மீ. “போன மாசம்தான் எஃப்.சி. எடுத்தது, இன்னும் பதினோரு மாசம் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்கிறார் விற்பவர். எங்கள் மெக்கானிக்கோ எஃப்.சி.யை நம்பி வண்டி வாங்காதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். அதற்காக எஃப்.சி. வெறும் காகிதம் என்று ஆகிவிடாது. எட்டு வயது தாண்டிய மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். அது இல்லாத வண்டியை, பதிவே இல்லாத வண்டியாகத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு பார்க்கிறது. ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. விளக்கு, ஹாரன், வைப்பர், டயர், ஸ்டியரிங், பிரேக், ஸ்பீடு கவர்னர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பெயின்ட், சேஸ் நம்பர் எல்லாம் அன்றைக்குச் சரியாக இருந்தால் சான்று கிடைத்துவிடும். அன்று ஒரு நாளைக்காக எதையெல்லாம் சரிக்கட்ட முடியும், எதை முடியாது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

முதலில் துரு. இது கடற்கரையில் ஓடிய வண்டி. விங்கருக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே சுமை தாங்கும் மோனோகாக் அமைப்பு. லாரியில் பாடித் தகடு அரித்தால் அழகுதான் கெடும், இதில் அரித்தால் வண்டியின் எலும்பே அரிக்கிறது. எஃப்.சி.க்கு முன்னால் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்து, அடியில் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு காந்தமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் எடுத்துப் போங்கள். கதவுப் படிக்குக் கீழே, பின்சக்கர வளைவின் உள்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம் எங்கும் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டின் ஷாக்கிள் (இணைப்புத் துண்டு) பாடியோடு சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். அரித்த தகடு ‘டப்’ என்று செத்த சத்தம் தரும். அந்த இடத்தில் அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் இந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது பிரேக். எஃப்.சி.க்குப் போகும் வண்டி காலியாகப் போகிறது. பன்னிரண்டு பேரும் அவர்கள் மூட்டைகளும் ஏறிய வண்டியை யாரும் அங்கே சோதிப்பதில்லை. இந்த மாதிரி வேன்கள் பலவற்றில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த லோடு வால்வு இருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. உப்புக்காற்றில் அந்தக் கம்பி இறுகிப் போகும், அல்லது யாராவது கழற்றிவிட்டிருப்பார்கள். காலி வண்டியில் பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆள் ஏறினால் பின்சக்கரம் போதிய அளவு பிடிக்காது, நிற்கும் தூரம் கூடும். கீழே குனிந்து அந்தக் கம்பி அசைகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். முடிந்தால் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

டீசல் எஞ்சினில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தருவது தனி பம்ப். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் சரி. இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. பிறகு ஒரு நிமிடம் பெடலை அழுத்தியே பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) தேய்ந்திருக்கலாம். வெளியே எங்கும் ஆயில் ஒழுகாமலே இது நடக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீல் பக்கமும் வீலைத் தொடாமல் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புகைச் சான்றில் ‘பாஸ்’ என்பதை மட்டும் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். பிஎஸ் என்பது புகை அளவுக்கான அரசு விதி. பிஎஸ்-3 டீசலுக்கு அனுமதிக்கும் புகை அடர்த்தி மீட்டருக்கு 2.45, பிஎஸ்-4-க்கு 1.62. பிஎஸ்-3 வண்டிக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். 2.3 என்று இருந்தால் அடுத்த முறை தேறுவது கஷ்டம். இத்தனை ஓடிய வண்டிக்கு மிகக் குறைவாக இருந்தாலும் விசாரிக்க வேண்டும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள எஞ்சினில் டீசல் அளவு ஸ்குரூவைக் குறைத்துவிட்டால் புகை அடங்கும், இழுவையும் சேர்ந்து போகும். அந்த ஸ்குரூவின் சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மேம்பாலத்தில் ஆளோடு ஏற்றிப் பாருங்கள். நேர்மையான வண்டியில் கூட, எஞ்சின் சூடேறாமல் சோதித்தால் புகை கூடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால், நாசில் ஒழுகினால், டர்போ ஹோஸ் கீறியிருந்தால் கறுப்புப் புகை வரும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, அது பெரிய செலவு.

டயரில் பட்டன் (ரோட்டில் படும் மேல்வரி) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஓரத்தில் உள்ள நான்கு எண்களையும் படியுங்கள்: 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத் தயாரிப்பு. நான்கு டயரிலும் நான்கு விதமாக இருந்தால் எஃப்.சி. நாளுக்காக மாட்டியவையா என்று கேளுங்கள். முன்வீல் டிரைவ் வண்டி என்பதால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயிண்ட் போயிருக்கிறது. எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், ஃபைனான்ஸ் ஐந்தையும் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

புது பெயின்டோடு, எஃப்.சி. கையோடு நிற்கும் பழைய வேனைவிட, எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும் அழுக்கு வேனையே வாங்கச் சொல்வோம். அதில் துருவும் ஒழுகலும் மறைக்காமல் தெரியும். உங்கள் மெக்கானிக்கே வேலை பார்க்கலாம், எஃப்.சி.யும் உங்கள் கண்முன் எடுக்கலாம். இந்த விங்கரே வேண்டும் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஷெட்டில் தூக்கி, நான்கு வீலையும் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். ஒரு அரை நாள் வேலை. கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.